நேற்றைய எடை

நிவாரண விமானக் கொட்டகையில் அவளைக் கண்டால் ஆகாதவர்கள்தான் அதிகம். முகத்துக்கு நேரே "அக்கா" என்பார்கள். தலை மறைந்ததும் "தராசு". நன்கொடையில் ஓடுகிற சின்ன அமைப்பு அது. வெள்ளத்திலோ மண்சரிவிலோ சாலை அறுந்துபோன ஊர்களுக்கு மருந்தும் போர்வையும் கொண்டுபோய் இறக்குகிற ஒற்றை எஞ்சின் விமானம்தான் அதன் சொத்து. அதில் ஏறுகிற எதுவும், மூட்டையானாலும் மருத்துவரானாலும், அவளுடைய இரும்புத் தராசில் ஏறி இறங்கியாக வேண்டும். எடையை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கச் சொல்வாள். தொப்பை வைத்த பெரிய மனிதர்கள் பலர் அந்த ஒன்றுக்காகவே அவளை மன்னிக்கவில்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் வேறொன்று. மாலையில் எடை போட்டு, மூட்டைமேல் சாக்பீஸால் தானே எழுதிய எண்ணை மறுநாள் காலை ஈரத்துணியால் தானே அழிப்பாள். அழித்துவிட்டு அத்தனையையும் மறுபடி தராசில் ஏற்றச் சொல்வாள்.

"ஏன்க்கா, ராத்திரி மூட்டையெல்லாம் எழுந்து போய் விருந்து சாப்பிட்டுட்டு வந்து படுத்துக்குதா?" என்பார்கள் சுமை தூக்குகிறவர்கள்.

"தூக்கு. வாய்க்கு அப்புறம் வேலை கொடு" என்பாள்.

அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று தெரிந்தவன் விமானி ஒருவன்தான். அவள் கணவனின் தம்பி. நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "அந்தம்மாகிட்ட எடைத்தாளை வாங்கிட்டு வா" என்று ஆள் விடுவான். அந்தத் தாளில் அவள் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பக் கூடாது என்பது சட்டம். ஒட்டு உறவாக மிச்சம் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

கணவன் இதே அமைப்பில் மெக்கானிக்காக இருந்தவன். பார்சல் ஆபீசில் எடை போட்டுக்கொண்டிருந்தவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தவனும் அவனே. மலைமேல் இருந்த முகாமுக்கு ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போனவன், காய்ச்சலும் பேதியுமாக மூன்று வாரம் படுத்துவிட்டான். அவனைக் கூட்டிவரலாமா என்று தம்பி மேலேயிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டான். அடிபட்டவர்களை ஏற்றியது போக அறுபது கிலோவுக்குத்தான் இடம். அவள் பழைய எடைத்தாள்கள் இருந்த கோப்பைப் புரட்டினாள். கணவனுக்கு நேராக எழுபத்தெட்டு என்றிருந்தது. "பதினெட்டு கிலோ அதிகம். நாளைக்கு வரட்டும்" என்றாள். மறுநாள் வந்தது உடல்.

இந்த வருட மழையில் அதே மலையில் சரிவு. மேலே ஒரு ஊரே கூரையில்லாமல் நின்றது. அவள் காலையில் கொட்டகைக்கு வந்தபோது நாற்பது போர்வை மூட்டைகளும் விமானத்துக்குள் ஏறியிருந்தன. முந்தைய மாலை அவள் எழுதிய எண்கள் அழியாமல் மூட்டைகள் மேல் இருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ.

"எல்லாத்தையும் இறக்குங்க" என்றாள்.

நிர்வாகிக்கு முகம் சிவந்தது. "அங்க குழந்தைங்க நனைஞ்சுக்கிட்டிருக்கு. இங்க உங்களுக்குத் தராசு விளையாட்டா? எழுதினது உங்க கைதானே?"

"அது நேத்து எடை."

"உங்க எழுத்தை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சுமை தூக்குகிறவர்களில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "இவங்களை முதல்ல எடை போடணும், திமிர் மட்டும் நூறு கிலோ தேறும்" என்றான். அவள் எடைத்தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கையெழுத்து கிடையாது. வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. எடை போட்ட பிறகு அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறேன்" என்றார் நிர்வாகி.

விமானி இறக்கையடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனே ஏறி ஒரு மூட்டையை இழுத்துவந்து தராசில் பொத்தென்று போட்டான். முள் இருபதைத் தாண்டிப்போய் இருபத்துநான்கில் நின்றது. மேல்சாக்கு காய்ந்துதான் இருந்தது. இரவு கொட்டகைத் தரையில் தேங்கிய தண்ணீரை அடிப்பக்கம் உறிஞ்சியிருந்தது. அடுத்ததும் இருபத்துநான்கு. அதற்கடுத்ததும். நாற்பதையும் இறக்கிப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் அதே எடை.

"மொத்தத்துல நூத்தறுபது அதிகம்" என்று அவள் உரக்கச் சொன்னாள். "ஏழு மூட்டை இங்கயே நிக்கணும்."

மேலே இருப்பது குட்டையான மண் ஓடுதளம். அதன் மறுமுனையில் பள்ளம்.

விமானி அவளைப் பார்த்தான். நான்கு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பேசினான்.

"ஈரப் போர்வைக்கு இவ்வளவு பாக்கறீங்க. மூணு வாரம் சோறு தண்ணி இறங்காம கிடந்த மனுஷன் பழைய எடையிலயா இருப்பான்? அன்னைக்கு வேற யார் சொல்லியிருந்தாலும் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருப்பேன். அண்ணி சொல்றாங்களேன்னு விட்டுட்டு வந்தேன்."

அவள் தராசில் இருந்த மூட்டையைக் கீழே தள்ளினாள். அவன் விடவில்லை.

"மறுநாள் உடம்பை ஏத்தினப்போ தாள்ல என்ன எழுதியிருந்துச்சு? எல்லார் எடையையும் சத்தமாச் சொல்வீங்களே, சொல்லுங்க."

கேலி பேசியவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

"ஐம்பத்தஞ்சு" என்றாள் அவள், எப்போதும் போல உரக்க. "வந்திருக்கலாம். அஞ்சு கிலோ மிச்சமே இருந்துச்சு."

அவள் தராசைக் கையால் காட்டினாள். "ஏறுங்க. விமானியும் எடை போட்டுத்தான் போகணும்."

ஏறினான். "எழுபத்தொண்ணு" என்றாள்.

ஏழு மூட்டை தங்கியது, மற்றவை ஏறின. அவள் கையெழுத்துப் போட்டாள். விமானம் போய்விட்டு மதியத்துக்குமேல் திரும்பியது. ஓடுதளம் முடிய எட்டடி இருக்கும்போதுதான் சக்கரம் நின்றதாம். அதை விமானி மெக்கானிக்கிடம் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை. நிர்வாகியும் வேலைநீக்கம் பற்றிப் பிறகு பேச்செடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, மிச்சமிருந்த ஏழு மூட்டைகளின் மேல் இருந்த எண்களை அவள் ஈரத்துணியால் ஒவ்வொன்றாக அழித்தாள். விருந்து சாப்பிட்ட மூட்டைகளைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி விமானியின் குரல் கேட்டது.

"அந்தம்மாகிட்ட தாளை வாங்கிட்டு வா."