வண்டி மை வைத்த சக்கரம்

போன வாரம் மகனுடைய காரில் முன்சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது. தென்காசியில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். என்னை எதற்கு இழுத்துக்கொண்டு போனான் என்று கேட்காதீர்கள், கண் டாக்டரிடம் போகிற வழியில் நடந்த கூத்து அது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காபி கொடுத்து, "வீல் பேரிங் போயிட்டு, மாத்தணும்" என்றார் அங்கே வேலை பார்க்கிற தம்பி. கையில் புது பேரிங், ஒரே துண்டாகப் பளபளவென்று இருந்தது. "இதுல கிரீஸ் எங்கன வப்பீய?" என்று கேட்டேன். அவர் என் மகனைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, "உள்ளயே வச்சு மூடித்தாம்மா வருது. தொறக்க முடியாது" என்றார்.

திறக்க முடியாதாம். எனக்கு அந்த ஏசி அறையிலேயே விளக்கெண்ணெய் வாடை அடித்தது. கண்தான் மங்குகிறது, மூக்கு இன்னும் திடமாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் ஒரு லேடி டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆள் இருந்தால் என்னை "சிஸ்டர்" என்பார், இல்லாவிட்டால் "ஏட்டி". மேலே மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன குட்டிக் கார் டாக்டரம்மாவிடம் இருந்தது. ஒரு கதவைச் சாத்தினால் மறு கதவு திறந்துகொள்ளும். டிரைவர் கிடையாது, அவரேதான் ஓட்டுவார். ஒரு பொம்பளை கார் ஓட்டிப் போவதைப் பார்க்கக் கடைத்தெருவில் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் விழுந்துவிட்டது. கூடவே காரின் முன்சக்கரம் ஒன்றில் கீச்சு கீச்சென்று சத்தம். பேரிங் தேய்ந்துவிட்டது என்று டாக்டரம்மா திருநெல்வேலியிலிருந்து புதிதாக வரவழைத்தார். மாட்டத்தான் ஆள் அகப்படவில்லை. சீசன் வந்தால் தென்காசி மெக்கானிக்குகள் எல்லோரும் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்தருவி ஏற்றத்தில் வெளியூர்க் கார்கள் ஆவி விட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும், அவர்களுக்கு அறுவடைக் காலம். "சாரல் முடியட்டும் டாக்டரம்மா, வந்து பாக்கேன்" என்று போனவர் போனவர்தான். பேரிங்கும் கிரீஸ் டப்பாவும் டிக்கியிலேயே கிடந்தன.

அப்போதுதான் ஒரு மத்தியானம் சுடலைமுத்து அண்ணாச்சி வந்து நின்றார். வீரகேரளம்புதூரில் மாட்டுவண்டி வைத்துப் பிழைக்கிறவர். அவர் மனைவி பேச்சிக்கு நிறைமாதம். முந்தின வாரம்தான் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. தென்காசிக்குக் கூட்டி வந்துவிடச் சொன்னோம். நல்ல நாள் பார்த்துக் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். நல்ல நாளுக்குள் வலி வந்துவிட்டது.

"பனிக்குடம் உடஞ்சிட்டா?" என்று மட்டும் டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டரம்மா. நான் பஸ் ஏறுத வரைக்கும் இல்ல."

"அது உடையதுக்குள்ள போயிரணும். கார்ல ஏறும்."

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை வயிற்றின் மேல் கை வைத்துக் குறுக்கே கிடக்கிற பிள்ளையைத் தலை கீழே வரும்படி திருப்பிவிடலாம். உடைந்துவிட்டால் திருப்ப முடியாது. ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிப் பாதையில் தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எதுவும் நடக்கலாம். அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்தே பின்சீட்டில் ஒடுங்கிக்கொண்டார்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் விளக்கெண்ணெய் வாடை வர ஆரம்பித்தது. பையில் இருந்த பாட்டில்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு மருந்தாக வெளியே எடுத்துப் பார்த்தேன். பாட்டில் கல்லு மாதிரி இருந்தது. கீழப்பாவூர் தாண்டுகிறபோது சக்கரம் ஓலமிட்டது, அப்புறம் ஆட ஆரம்பித்தது, அப்புறம் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் குளத்தங்கரைப் பனைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. முன்சக்கரத்தின் நடுவிலிருந்து லேசாகப் புகை.

பஸ் சாயங்காலம்தான். வழியில் மாட்டுவண்டி கிடைத்தாலும் போய்ச்சேர விளக்கு வைத்துவிடும். டாக்டரம்மா கீழே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிக்கியைத் திறந்தார்.

"ஏட்டி, ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடு."

"யாருக்கு?" என்றேன், மடச்சி மாதிரி.

"காருக்குத்தான்."

ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றினார். நடுவில் இருந்த சின்ன மூடியைத் திருகுளியால் நெம்பினார். உள்ளே கன்னங்கரேலென்று ஏதோ குழம்பு. டாக்டரம்மா விரலில் தொட்டு மோந்தார். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு வைப்பார்களே, வண்டி மை, அதுதான்.

"இத யாரு வச்சா?"

அண்ணாச்சி சாலையில் நின்றபடியே பேசினார். "நாந்தான் டாக்டரம்மா. போன தடவ நீங்க உள்ள பேச்சியப் பாத்துக்கிட்டு இருந்திய. சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே வந்துச்சே, பாவமா இருந்துச்சு. எங்க வீட்டுக்கு வந்த வண்டி கத்திக்கிட்டே போலாமா. அதான் மூடியத் தொறந்து நல்லா அடச்சு வச்சேன்." டாக்டரம்மா விரலில் இருந்த கரியைப் பார்த்தார். "அதுனாலயா நின்னுட்டு?"

நான் வாய் நீளமானவள். "ஏன் அண்ணாச்சி, கேட்டுட்டு வைக்கப்பிடாதா" என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பெண்டாட்டியைக் காப்பாற்ற வருகிற வண்டியைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டோம் என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைக்கிறது. கை இரண்டையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மை நல்ல மைதான் அண்ணாச்சி. கரி இருக்குலா, அது பேரிங் குண்டுக்கு ஆகாது. பேரிங் முன்னமே போனதுதான், மாத்தாம இழுத்தடிச்சது நானு" என்றார் டாக்டரம்மா. "இங்கன வாரும். இதப் பிடியும், ஆடாம."

அண்ணாச்சி வரமாட்டேன் என்றார். இனி அந்தக் காரைத் தொடமாட்டாராம். கடைசியில், சக்கரம் மாட்டியிருந்த நடுக் குடத்தை, முழி என்பார்கள், டாக்டரம்மா கழற்றிக் கொடுக்க நான்தான் முழங்காலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. டாக்டரம்மா யாரிடமும் போய் மெக்கானிக் வேலை படித்தவரில்லை. காரோடு வந்த புத்தகத்தை மருத்துவப் புத்தகம் மாதிரி படித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். செய்து பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. முழிக்குள் இறுகிக் கிடந்த பழைய பேரிங் வளையத்தை உளி வைத்து ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினார். வராது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மண்ணில் விழுந்தது. கரியை ஸ்பிரிட் விட்டுத் துளி விடாமல் துடைத்தார். புது வளையத்தைக் கோணாமல் இறக்கினார். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, அதில் பேரிங்கை அழுத்தி அழுத்தி, குண்டுகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி மேலே வரும்வரை விடவில்லை. பதறவில்லை. சாரல் தூறியது, வெயிலும் அடித்தது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நட்டை இறுக்கி, கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டார். மறுபடி தொட்டு நிறுத்தி, மறுபடி சுற்றவிட்டார். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகுகிற ஊசி மட்டும் கழற்றும்போதே உடைந்து போயிருந்தது. திரும்பி என் தலையைப் பார்த்தார். என் கொண்டை ஊசி ஒன்று அங்கே போயிற்று. அன்றைக்கு ஒன்று கொடுத்தாலும் கொண்டை அவிழாத அளவுக்கு முடி இருந்தது. இப்போது ஊசி இருந்தாலும் குத்த இடமில்லை.

வீரகேரளம்புதூர் போய்ச் சேர்ந்தபோது பனிக்குடம் உடையவில்லை. கிரீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு டாக்டரம்மா பேச்சியின் வயிற்றில் உள்ளங்கைகளை வைத்தார். கண்ணை மூடினார். சக்கரத்தைச் சுற்றவிட்டபோது இருந்த அதே முகம். மெல்ல, மெல்லத் தள்ளினார். வயிறு ஒரு பக்கம் புடைத்து, உருண்டு, அடங்கியது. "தல கீழ வந்துட்டு" என்றார். நான் பிரசவம் எத்தனையோ பார்த்தவள், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அதற்கப்புறம் நாங்கள் அந்த ஊருக்கு எப்போது போனாலும் சுடலைமுத்து அண்ணாச்சி காருக்குக் காவல் நிற்பார். பிள்ளைகள் பக்கத்தில் வந்தால், "ஏலே, தொடாத" என்று விரட்டுவார். தான் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "சும்மா தொடும் அண்ணாச்சி" என்று டாக்டரம்மா கேலி செய்வார். கட்டின கையை அவர் அவிழ்க்கமாட்டார்.

டாக்டரம்மா வெகுகாலம் இருக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை, எத்தனையோ உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அவ்வளவுதான் விதித்திருந்தது. செய்தி கேட்டு அண்ணாச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகியிருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளே கூட்டம். அவர் கூட்டத்துக்கு வரவில்லை, முற்றத்து ஓரத்தில் நின்ற காருக்கு முன்னால் போய் நின்றார். கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால்.

அந்தக் காரைப் பிறகு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, முற்றத்தில் பைக்குகள் நிற்கின்றன. கீழப்பாவூர் சாலையில் அந்தப் பனைகளும் இல்லை. நான் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பைக்குகளுக்கு நடுவில் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பேன். அங்கேதான் அன்றைக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். குனிந்து, முன்சக்கரத்தின் நடு மூடியில் உள்ளங்கையை வைத்தார். எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.