கேமின் மூக்கில் விழுந்த குழிகள்

எண்ணூர் மசாலா கம்பெனியிலிருந்து திரும்பி வந்த இரண்டாவது கேமையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். கேம் என்பது மிஷினுக்குள் சுற்றும் உள்ளங்கை அகல எஃகுத் தட்டு. வட்டமாகப் போய் ஓரிடத்தில் மட்டும் மூக்குப் போல நீண்டிருக்கும். அது சுற்றச் சுற்ற, விளிம்பில் உருளும் சிறிய ரோலர் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மிளகாய்த்தூள் பொட்டலத்தின் வாய் ஒட்டப்படுகிறது. கேமின் மூக்கில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். முதல் கேமிலும் இதே இடம்தான்.

வடிவமைத்தது நான். திருவொற்றியூரில் பொட்டலம் போடும் மிஷின் செய்யும் எங்கள் பட்டறையில் டிசைன் அறைக்கு நான் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய நாற்காலிகளில் பழைய பாகங்கள் கிடந்தன.

மசாலா கம்பெனி முதலாளி தூத்துக்குடிக்காரர். போனில் கத்தவில்லை.

"அடுத்ததும் போச்சுன்னா மிஷின எடுத்துக்கிட்டுப் போயிருங்கம்மா. நான் வேற இடத்துல பாத்துக்கிடுதேன்."

மிஷின் திரும்பி வந்தால் டிசைன் அறையை மூடிவிடுவதாக எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். அவரும் கத்தாமல்தான் சொன்னார்.

ரோலரும் கேமும் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. ரோலரைக் கேமோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் விசை முழுவதும் அந்தக் கோட்டின்மேல் இறங்குகிறது. என் கணக்குப்படி எஃகு அதைத் தாங்கவேண்டும். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. சரிதானா என்று கேட்க அறையில் ஆள் இல்லை. கல்மண்டபத்தில் நான் தனியாக இருக்கும் வீட்டிலும் இல்லை. சாப்பிடும்போதும் அதே கணக்கு ஓடியது.

மூன்றாவது கேமை மாட்டிய வாரம் எண்ணூருக்கே போய், மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண்.

"இன்னா மேடம், மிஷின எவனாச்சும் தூக்கினு பூடுவான்னு காவலுக்குக் குந்திகினு கீறியா?"

மதியம் ஷிப்ட் மாறியது. ரோலர் மூக்கைத் தாண்டும்போது லேசாகத் துள்ளி 'டக்' என்றது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து, ஸ்பிரிங் நட்டுக்கு ஒரு திருகு கொடுத்தார். சத்தம் நின்றது.

"தினமும் இப்படித்தானா?"

"பின்ன? எல்லா ஷிப்டும் இப்டித்தான். சத்தத்தோட மிஷின உட்டுட்டுப் போனா அடுத்து வர்றவன் இன்னா நெனைப்பான்? வூட்டைப் பெருக்காம சாவி குடுத்த மாரி ஆவாது?"

குனிந்து பார்த்தேன். நட்டு ஏறக்குறைய மரையின் கடைசிக்கே போயிருந்தது. ஸ்பிரிங் இறுக இறுக, அந்தக் கோட்டின்மேல் சுமை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தட்டும் சத்தம் கேட்டால் யார் கையும் அங்கேதான் போகும். ஆகவே சத்தமே வரக்கூடாது.

திரும்பி வந்து புதிதாக வரைந்தேன். ரோலர் துள்ளாதபடி ஏற்றத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மென்மையாக்கினேன். துள்ளல் போனதும் இளக்கமான ஸ்பிரிங்கே போதும் என்றானது. ஆனால் சுமையைப் பாதியாக்கினாலும் அழுத்தம் பாதியாகாது. சுமை குறைந்தால் தொடும் கோடும் குறுகிவிடும். அதனால் கேமையும் பெரிதாக்கி மூக்கின் கூர்மையைக் குறைத்தேன். கூர்மை குறைந்தால் தொடும் கோடு அகலும். ரோலரின் ஓரம் கேமைக் கடிக்காமலிருக்க அதன் உருளும் முகத்தின் நடுவில் மிக மெல்லிய புடைப்பு. நட்டு இருந்த இடத்தில் திருக முடியாத ஒரு குழாய்த்துண்டு.

புதிய கேமை மாட்டி ஓட்டியபோது அந்தப் பெண் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது ஓடுதா, தூங்குதா?" கை பழக்கத்தில் நட்டைத் தேடியது. "கைக்கு வேலையே இல்லாம பண்ட்டியே மேடம்."

மழைக்காலம் முழுவதும் எண்ணூரிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. மிஷின் அங்கேயே இருந்தது. டிசைன் அறையும் திறந்தே இருந்தது. நானாகத்தான் ஒரு நாள் போனேன். பழைய ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். புதியவருக்கு என்னைத் தெரியவில்லை. மிஷின் செய்த பட்டறையிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"கம்ப்ளைண்ட் ஒண்ணும் குடுக்கலியே? இன்னாத்துக்கு வந்துகிறீங்க?"

"சும்மா பார்க்கத்தான்."

சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். மூக்கின்மேல் ரோலர் ஓடிய பட்டை மங்கிய கண்ணாடி போல ஒரே சீராக இருந்தது. விரலால் தடவினேன். ஒரு குழிகூட இல்லை. பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் காட்டியிருப்பேன். புதியவர் டிபன் பாக்ஸோடு வெளியே போயிருந்தார்.

மூடியை மாட்டினேன். அவர் வந்து மிஷினை ஓட்டினார். நான் வாசலுக்குப் போவதற்குள் அதன் ஓசை மற்ற மிஷின்களின் இரைச்சலில் கலந்துவிட்டது. எது என்னுடையது என்று தெரியவில்லை.