தேயிலைச் சாக்கில் ஒரு வெசாக் கூடு

ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் பஸ்ஸில் ஜெயந்தினி டீச்சர் போய்விட்டார். கொழும்பில் நல்ல வேலை கிடைத்திருந்தது; யாரும் குறை சொல்லவில்லை. பஸ் வளைவில் மறைந்ததும் வழியனுப்ப வந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பித் தனலெட்சுமி அக்காவைப் பார்த்தார்கள். வகுப்பறைச் சாவி அவர் கையில் இருந்தது.

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையில் ஒரு பின்னேர வகுப்பு நடந்துவந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், அம்மாமார் கொழுந்து பறித்து இறங்கும்வரை அங்கே இருப்பார்கள். அந்த வகுப்பு இல்லாத காலத்தில்தான் நிஷாந்தினி வீட்டில் தனியே அடுப்பு மூட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தழும்பு இன்னும் முழங்கைவரை இருக்கிறது.

தனலெட்சுமி அக்கா டீச்சர் இல்லை. இருபத்திரண்டு வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். தண்ணீர் ஓடும் கானில் விழுந்து முழங்கால் உடைந்த பிறகு, பால் காய்ச்சிப் பாய் விரிக்கும் ஆயாவாக வந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் யோகட் கப், பால்மாப் பெட்டி, கிழிந்த கொப்பி அட்டை எதையும் எறிய விடமாட்டார். தீபாவளிக்குக் கப்பில் விளக்கு, பொங்கலுக்கு அட்டையில் மாடு. டீச்சர் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் ஓடி வந்தது இதற்காக.

திங்கட்கிழமை, தோட்ட அலுவலகக் கிளாக்கர் இரகுநாதன் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட செய்தியையும் மரியாதையாகச் சொல்வார்.

"டீச்சர் இல்லாத வகுப்புக்கு அறை எதுக்கெண்டு துரை கேக்கிறார், ஆயா. உரம் அடுக்கப் போறாங்களாம். பிள்ளைக்காம்பராவுக்கு மற்ற ஆயா ஒராள் போதுமாம். நீங்கள் திரும்ப மலைக்கு."

"இந்தக் காலோடயாங்க ஐயா?"

அவர் போகத் திரும்பினார். அக்கா விடவில்லை.

"வருஷா வருஷம் தோட்டத்துப் பேர்ல பசறைச் சந்தியில வெசாக் கூடு ஒன்னு வாங்கிக் கட்டுறீங்கல்ல. இந்த வருஷம் எங்க பிள்ளைங்க செய்யட்டும். நல்லா இல்லன்னா உரத்த அடுக்குங்க. நானும் மலைக்குப் போறேன்."

தோட்டத்து மேலாளரான துரை சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டாராம். புத்தரின் பௌர்ணமியான வெசாக்கிற்கு, தெருவெல்லாம் கடதாசி விளக்குக் கூடுகள் தொங்கும் அந்த நாளுக்கு, இரண்டு வாரம் இருந்தது.

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றித் திரும்பிய எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். உடைந்த கொழுந்துக் கூடைகளின் மூங்கிலில் எட்டுமூலைச் சட்டம் கட்டினோம். அக்காவின் கணவர் சிவஞானம் அண்ணன் தொழிற்சாலையிலிருந்து, கழித்துப்போட்ட தேயிலைச் சாக்குகளைக் கொண்டுவந்தார். வெளியே தடித்த கடதாசி, உள்ளே வெள்ளித்தாள். வெள்ளிப் பக்கத்தை வெளியே திருப்பியதும் பிள்ளைகள் கூத்தாடினார்கள்.

"மாப்பசை வேணாம், கரப்பான் தின்னுரும்" என்று அக்கா கொழுந்துச் சாக்குத் தைக்கும் கோணி ஊசியை எடுத்தார். எல்லாம் தையல்தான்.

"இது கூடோ, மெத்தையோ?" என்று எட்டிப் பார்த்தார் இரகுநாதன் ஐயா.

"ஒங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லுங்க ஐயா, தலைகாணியும் தைச்சுத் தாறோம்."

வெசாக்கிற்கு முதல் நாள், பொழுது சாய்ந்ததும் இரகுநாதன் ஐயா முன்னாலேயே பற்றரி பல்பை உள்ளே வைத்து எரியவிட்டோம். கூடு இருட்டாகவே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் கட்டியிருந்தது காவடி. கோயில் திருவிழாவில் எங்கள் காவடியும் தேரும் வெளியே விழும் வெளிச்சத்தில் மின்னும். வெசாக் கூட்டுக்கோ வெளிச்சம் உள்ளேயிருந்து வரவேண்டும். பதினாறு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"நாளைக்குக் கடையில ஒண்டு வாங்குவம்" என்றார் இரகுநாதன் ஐயா மெதுவாக. அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நிஷாந்தினி கூட்டுக்குக் கீழே குனிந்து நின்றாள். "ஆயா, இங்க மட்டும் வருது."

சாக்கில் எங்கோ ஆணி இழுத்த ஓட்டை. அதில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி.

அக்காவும் குனிந்து பார்த்தார். பிறகு கோணி ஊசியை எடுத்து அதன் பக்கத்தில் ஒன்று குத்தினார். இன்னொன்று. "மார்கழியில வாசல்ல என்னடி வைப்பீங்க? வைங்க, புள்ளி வைங்க!"

பிள்ளைகள் கொப்பியில் கோலம் வரைந்து கொடுத்தார்கள். கவராயம், ஆணி, ஊக்கு என்று கிடைத்ததைக் கொண்டு குத்தினார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாமாரும் உட்கார்ந்துவிட்டார்கள். "கோடு கோணுது, நீ ஒன் வீட்டு வாசல்லயும் இப்படித்தான் போடுவ" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் ஊக்கைக் காட்டி மிரட்டினாள். எட்டு மணிக்குள் எட்டுப் பக்கமும் எட்டுக் கோலம், எல்லாம் வெளிச்சத்தில். இரகுநாதன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "காலையில லொறி வரும்" என்றார்.

மறுநாள் சந்தியில் முப்பது கூடுகளுக்கு நடுவே எங்களுடையதைக் கட்டினோம். லொறியில் ஒரு மூலைத் தையல் விட்டிருந்தது. நான் ஏறித் தைத்தேன். ஏழு மணிக்கு எல்லாம் எரிந்தன. ஏழரைக்கு மழை கொட்டியது. மெல்லிய கடதாசிக் கூடுகள் ஒவ்வொன்றாக நனைந்து தொங்கிப் போயின. பசை கரைந்து வால்கள் ரோட்டில் விழுந்தன.

தேயிலைச் சாக்கு ஈரம் புகாமல் இருக்கச் செய்யப்பட்டது. தையலுக்குப் பசை வேண்டாம். எங்கள் கூடு மட்டும் தண்ணீர் சொட்டச் சொட்ட, கோலங்களோடு சுழன்று எரிந்தது. கடை ஓரங்களில் ஒதுங்கிய சனம் முழுதும் குடைபிடித்து அதன் கீழே வந்து நின்றது. குடும்பத்தோடு வந்த துரை, யார் செய்தது என்று கேட்டார். பதினாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். அக்கா உயர்த்தவில்லை. நிஷாந்தினி தழும்புக் கையால் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

உரமூட்டைகள் வேறு இடத்துக்குப் போயின.

அடுத்த பெப்ரவரியில் நான் மன்னாரில் இருந்தபோது, கைபேசியில் அக்காவின் குரல் வந்தது.

"தங்கச்சி, இப்ப எந்த ஊர்ல திரியிற? ஹாலிஎலயில பதினோரு தோட்டத்து ஆயாமாருக்கு நான் கைவேலை வகுப்பு எடுக்கணுமாம். கிளாக்கர் ஐயா கடிதத்துல 'தனலெட்சுமி டீச்சர்'னு அடிச்சிருக்காரு. ரெண்டு தரம் வாசிச்சேன், அப்படித்தான் இருக்கு. அது கிடக்கட்டும், சந்தியில கடைசியாத் தைச்சது நீதானே? ஒம் பையில பாரு, எங் கோணி ஊசி இருக்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பு. பதினோரு தோட்டத்துச் சாக்கையும் நான் பல்லாலயா குத்துறது?"