ஒண்ணும் செய்யாத உடம்புக்கு ஒரு படம்

எங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். காய்ச்சல் அடிக்க வேண்டும், குறைந்தபட்சம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கவாவது வேண்டும். நானோ காலையில் காபியைக் குடித்துவிட்டு, தெம்பாக உட்கார்ந்துகொண்டு, "மேமோகிராம் எடுக்கப் போறேன்" என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"பொறவு எதுக்கு?"

"ஒண்ணும் செய்யாதப்பதான் எடுக்கணும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ரெண்டாயிரத்துச் சொச்சம் என்றேன். ஒன்றுமில்லாததைப் பார்க்க ரெண்டாயிரமா என்று அவர் முகம் கேட்டது. இவர் ஓய்வு பெற்ற ஆபீஸின் மருத்துவத் திட்டத்தில் இதற்குப் பணம் வராது. நோய் வந்துவிட்டால் தருவார்கள். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தர மாட்டார்கள். யார் மூளையில் உதித்த ஏற்பாடு என்று தெரியவில்லை, கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

கீழ்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் இருக்கிறாள். கல்கத்தா வழக்கப்படி அவளை நான் பௌதி என்பேன், அண்ணி மாதிரி. மாடிப்படியில் விஷயத்தைச் சொன்னபோது அவள் விலையைக் கேட்டுவிட்டு, "அட, ஒரு நல்ல இலிஷ் மீன் விலைதானே!" என்றாள். எங்களுடையது சைவ வீடு. மீன் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வருவதே ராசிபலன் படிக்கும்போதுதான். ஆனாலும் மழைக்காலத்தில் இந்த ஊர் அந்த மீனுக்காக என்ன செலவு செய்யும் என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், மதுரையில். மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த தீபாவளிக்கு அக்கா இல்லை. கையில் தட்டுப்படுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் படம் இது, உங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சொந்த அக்காவுக்கே இருந்திருக்கிறது, இனியும் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கும் இருக்குமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்கத்தான் நான் வீட்டில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இவரைப் பணிய வைத்தது அவருடைய சொந்த உத்தியோகம்தான். துறைமுகத்தில் ஹூக்ளி ஆற்றின் ஆழத்தை அளக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். மண் எங்கே மேடிட்டிருக்கிறது என்று படகில் போய் அளந்து அளந்தே தலை நரைத்துப்போனது.

"கப்பல் தரை தட்டின பொறவா ஆழம் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"அது ஆறுட்டி."

"ஆத்துக்கு உள்ள மதிப்பு எனக்குக் கிடையாதாக்கும்?"

இவர் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

முன்பதிவு செய்தபோதே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பவுடர் கூடாது, சென்ட் கூடாது, கிரீம் கூடாது, பூசினால் படத்தில் தெரியும். கல்கத்தா வேர்வையில் பவுடர் இல்லாமல் வெளியே போவது எனக்கு ரவிக்கை இல்லாமல் போவதற்குச் சமம். இருந்தாலும் சொன்னபடி கேட்டேன். நன்றாகத் தேய்த்துக் குளித்தேன், ஒரு பொட்டுப் பவுடர் படவில்லை. பிறகு சாமி முன்னால் நின்றேன். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. வயிறு வலித்தால் வயிற்றில், முட்டி வலித்தால் முட்டியில், எங்கே ஆபத்தோ அங்கே திருநீறு பூசுவோம். ஊரிலிருந்து வந்த திருச்செந்தூர் விபூதியை எடுத்து, முருகா என்று நெற்றியில் ஒரு கீற்று இழுத்தேன். மிச்சத்தை ஆபத்து வரக்கூடிய இரண்டு இடங்களிலும், பாரபட்சம் பார்க்காமல், தாராளமாகப் பூசிக்கொண்டேன்.

படம் எடுக்கும் அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். "மாஷிமா, பவுடர் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டாள். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி.

"ஐயையோ, கிடையவே கிடையாது" என்றேன். சத்தியம் பண்ணக்கூடத் தயாராக இருந்தேன்.

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. நடுவில் நம்மை வைத்து, தட்டைக்கு மாவு தட்டுவதுபோல அழுத்துகிறார்கள். வலி உயிர் போகிற வலி இல்லை, மானம்தான் கொஞ்சம் போகிறது. தோளைத் தாழ்த்துங்கள், முகத்தைத் திருப்புங்கள், மூச்சை நிறுத்துங்கள் என்கிறாள் அந்தப் பெண். நிறுத்தச் சொன்னவள் விடச் சொல்ல மறந்துவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தேகம். வெளியே வந்ததும் "வலிச்சுதா?" என்று இவர் கேட்டார். "நீங்க ஒரு தடவை உள்ள போயி நின்னு பாருங்க" என்றேன்.

மறுநாள் போன் வந்தது. படத்தில் ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள் தெரிகின்றனவாம். பெரிதாக்கி இன்னொரு படம் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள், இப்போதே பயப்பட வேண்டாம் என்றார்கள். பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சொன்னால் அதற்குமேல் பயப்பட என்ன இருக்கிறது? எனக்கு அக்கா முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது. சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அந்தத் திங்கட்கிழமை வருவதற்குள் இவர் செய்த அழும்பு கொஞ்சநஞ்சமல்ல. கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் பாதி விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குகிறவர், கடைக்காரனிடம் கோபித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவர், எனக்கு ஒரு தாந்த் கைத்தறிச் சேலை வாங்கிக்கொண்டு வந்தார். எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன விலைதான் என்றார். படத்தில் புள்ளி என்றபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

அதோடு விட்டாரா? என் ரசம் பிரமாதம் என்றார். டிவியில் சத்தத்தைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலமாரியைச் சுற்றிப் பார்த்தார்.

"சீரகம் எந்த டப்பால இருக்கு?"

"எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிடலாம்னு."

நான் இல்லாத சமையலுக்கு மனுஷன் ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்ததும் எனக்கு வந்ததே கோபம்! "அந்த மூலையில, பச்சை மூடி" என்று வெந்தய டப்பாவைக் காட்டிவிட்டேன். கசப்பு ரசம் குடிக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் குளியல், மறுபடியும் பவுடர் இல்லை. ஆனால் ஆபத்து இப்போது பெரிதாகிவிட்டதால் விபூதியின் அளவையும் கூட்டினேன். ஒரு பக்கம் என்றுதான் சொன்னார்கள் என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் பூசினேன், போன தடவையைவிட இரண்டு மடங்கு.

அதே பெண்தான் இருந்தாள். அழுத்துவதற்காக மேல்தட்டை இறக்கினாள், பிறகு நிறுத்தினாள். கீழ்த்தட்டின் கறுப்பில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாஷிமா, இது என்ன?"

"விபூதி" என்றேன்.

"அப்படியென்றால்?"

"சாமி சாம்பல்."

"போன தடவையும் பூசினீர்களா?"

"பின்னே? பூசாமல் எப்படி வருவேன்?"

"பவுடர் போட்டீர்களா என்று அன்றைக்குக் கேட்டேனே!"

"இது பவுடர் இல்லையே" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. திருநீற்றைப் போய் முகப்பூச்சோடு சேர்த்தால் யாருக்குத்தான் வராது? எனக்குத் தெரிந்த வங்காளத்தையெல்லாம் திரட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரைகுறை உடையில் நின்றபடியே அவளுக்கு விளக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா பார்த்தார். போன தடவை பூசியது வேர்வையில் இறங்கி மடிப்பில் போய் உட்கார்ந்திருக்கும், எதற்கும் துடைத்துவிட்டு எடுத்துப் பார்ப்போம் என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பெண் ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தாள், மடிப்பெல்லாம் விடாமல். பிறகு படம் எடுத்தாள். கால் மணி நேரம் என்னை அங்கேயே உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா திரும்பி வந்து, ஒரு புள்ளிகூட இல்லை, வீட்டுக்குப் போங்கள், அடுத்த முறை சாமியை வீட்டிலேயே கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். பிறகு திரைக்குப் பின்னால் போய் ரவிக்கையை மாட்டும்போது, அக்காவுக்கும் இப்படி யாராவது ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லை வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கொக்கி மாட்ட வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்தால் இவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "ஒண்ணும் இல்ல. அவ்வளவும் விபூதி. தொடைச்சதும் போயிட்டு" என்றேன். வெடித்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். ரெண்டு படத்துக்கும் சேர்த்து எவ்வளவு தண்டம் என்று கேட்பார் என்றும் எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க, போவோம்."

"செத்த இரு."

"என்ன?"

"காலு எழும்ப மாட்டுக்கு."

விளையாடுகிறார் என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். நிஜமாகவே எழுந்திருக்க முடியவில்லை. வாசலில் நின்ற வயசான காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்தி, "உட்காருங்கள் மாஷிமா" என்றான்.

"எனக்கு இல்லை, இவருக்கு" என்றேன்.

இவர் மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். காவலாளி தள்ளினான், நான் கூடவே நடந்தேன். டாக்ஸி வந்து கதவைத் திறக்கும் வரைக்கும் என் முந்தானை நுனியைப் பிடித்த பிடியை இவர் விடவில்லை.