ஆட்டுக்கு ஒரு சுவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டொக்டொக் மாமா முதலில் நலம் விசாரிப்பது சுவரைத்தான். விரலை மடக்கி, கதவைத் தட்டுகிற மரியாதையோடு தட்டுவார். பிறகு காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உபசரித்தால், "உஷ்!" என்பார். "உள்ளே வெறும் செங்கல்னா கட்டையாப் பேசும். குழாயோ ஒயரோ போகுதுன்னா குரலே மாறிடும். மனுஷங்க மாதிரிதான். எதையாவது ஒளிச்சு வெச்சா தொண்டை காட்டிக் கொடுத்துடும்." ஒருமுறை அடுத்த வீட்டிலிருந்து யாரோ ஒரு விஷமி பதிலுக்குத் தட்டிவிட, மாமா வெகுநேரம் அந்தச் சுவரோடு பேச்சுவார்த்தை நடத்தினார். கடைசியில், "இதுல எலி இருக்கு. படிச்ச எலி" என்று சொல்லிவிட்டு வேறு சுவருக்குப் போனார்.

அவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம். அடையாள அட்டையில் உத்தியோகத்தின் பெயர் இரண்டு வரிக்கு ஓடுகிறது. நம் பாஷையில் சொன்னால், படம் மாட்டுகிறவர். பெரிய பெரிய மனிதர்கள் வரைந்ததையெல்லாம் கிடங்கிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து கிடங்குக்கும் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பிழைப்பு. வெள்ளைக் கையுறை இல்லாமல் சட்டத்தைத் தொட மாட்டார். அடுத்தவரைத் தொடவிடவும் மாட்டார். பேராசிரியர் ஒருவர் ஆசையாகக் கை நீட்டியபோது, "சார், சட்னி வாசனை வருது" என்று நகர்த்திவிட்டார். அவர் படம் தூக்கி நடக்கும் பக்குவத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு அவருடைய மனைவி, "கல்யாணத்தன்னிக்குக்கூட என் கையை இப்படிப் புடிக்கல" என்று கேட்டுவிட்டார். மாமா வெகு சீரியஸாக, "உடையறதுக்கு உன்கிட்ட கண்ணாடி இல்லையே" என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு தாமதமாகத்தான் வந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு அந்தக் கட்டடத்தைப் பல வருஷமாகப் பரீட்சை ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் நல்லவர்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. இப்படியே விட்டால் சரிப்படாது என்று கலைக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மா ஒரு யோசனை செய்தார். கிடங்கில் சும்மா தூங்குகிற படங்களைத் தெருவுக்கு இரவல் கொடுப்பது. யார் வேண்டுமானாலும் வந்து பிடித்ததைக் காட்டலாம். மாமா வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டுவார். அரை வருஷம் கழித்துக் கழற்றிக்கொண்டு போவார். கலைக்கூடத்துக் குழுவில் இருந்த சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நானே நிறுத்திடறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்த அம்மா ஆரம்பித்தார்.

முடிதிருத்துகிறவர் புயலடிக்கும் கடல் படத்தை வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு தலையைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் அடக்கமாக உட்கார்ந்தார்கள். சைக்கிள் கடைக்காரருக்குக் கிடைத்தது மீசை வைத்த யாரோ ஒரு கனவான். வருகிறவன் போகிறவன் எல்லாம், "அப்பாவா?" என்று கேட்டான். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, "பெரியப்பா" என்று சொல்லிவிட்டார். படம் திரும்பிப் போன அன்று நாலு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

தையல் அக்கா கேட்டது ஆட்டை. பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, உலகத்தில் யாருக்கும் கடன்படாத மாதிரி ஒரு பார்வை பார்க்கிற ஆடு. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்த படம். கலைக்கூடத்து ஜன்னல் திரைகளுக்கு விளிம்பு தைக்கப் போனபோது அக்கா கிடங்கில் அதைப் பார்த்தார். ரெண்டு முறை ஆட்டைக் கேட்டுப் பட்டியலில் பெயர் கொடுத்தும் வேறு யாருக்கோ போய்விட்டது. "அந்த ஆட்டுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று மாமா ஒருநாள் கேட்டார்.

"மெஷின்லேருந்து நிமிர்ந்தா யாராவது ஒரு மூஞ்சி நிக்குதுண்ணே. எப்போ தருவே, எப்போ தருவேன்னு. அது மட்டும்தான் எதையும் கேக்கல."

 அடுத்த முறை ஆடு திரும்பி வந்ததும் பட்டியலில் அக்காவை முதல் ஆளாகப் போடச் சொல்லிப் பொறுப்பாளர் அம்மாவின் மேஜை முன்னால் நின்றவர் மாமாதான்.

போன மாதம் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரே அறை. ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி, ஒரு சுவரில் கதவு, ஒரு சுவரை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அக்காவின் வீட்டுக்காரர், ரொட்டிக் கடையில் விடியவிடிய மாவு பிசைந்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது மெஷினுக்கு எதிர்ச்சுவர் மட்டும். மாமா படத்தைக் கீழே நாற்காலியில் சாய்த்துவிட்டு டொக் டொக் என்று தட்டிக் காதை வைத்தார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கல்யாணப் பெண் வந்து நிற்பாள். அவளுடைய பட்டு உடை பாதியில் இருந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவசர வேலை, எப்படிச் சொல்வது என்று கூச்சம். தவிர, இத்தனை சுவரைக் கேட்ட காதுக்கு இது ஒரு சுவரா என்கிற மிதப்பும் கொஞ்சம். ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி.

குழாய்.

தண்ணீர் அவர் மூக்குக் கண்ணாடி மேல் பீய்ச்சி அடித்தது. மாமா கட்டைவிரலை ஓட்டையில் அழுத்திக்கொண்டார். அது விரலைச் சுற்றி நாலு பக்கமும் பிரிந்து, சுவரோரமாக வழிந்து, நாற்காலியை நோக்கி இறங்கியது.

"ஆட்டைத் தூக்கு! ஆட்டைத் தூக்கு!"

வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எந்த ஆடு? யாரு வீட்டு ஆடு?"

"மாப்பிள்ளை, நீங்க வெளியே போய்த் தண்ணியை மூடுங்க. தங்கச்சி, நீ தூக்கு!"

அக்கா தன் கையைப் பார்த்தார். மெஷின் எண்ணெயும், துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் தூளும். அந்தக் கை எதைத் தொடக்கூடாது என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு கணம்தான். மெஷினிலிருந்த பட்டு உடையை அப்படியே உருவி இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். படத்தை அணைத்துத் தூக்கி, ஈரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்து, வெயில் படாமல் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார். சட்டத்தின் மேல் விழவேண்டிய தண்ணீர் முழுக்க அவர் தோளிலும் அந்தப் பட்டிலும் விழுந்திருந்தது.

குழாயை மூடிய பிறகு மாமா கையைத் துடைத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு, படத்தை முன்னும் பின்னும் புரட்டி, மூலைமூலையாகப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஆடு பழையபடியே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பழந்துணியால் தரையைத் துடைத்து, பிழிந்து பிழிந்து வாளியில் விட்டபடி, "நனையலதானே மச்சான்? அப்போ ஆபீஸ்ல எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றார்.

அதற்குள் போன் வந்துவிட்டது. பொறுப்பாளர் அம்மா. "மாட்டியாச்சா?"

மாமா ஈரச் சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். 

"இல்ல மேடம். குழாய்ல ஆணி அடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான். படம் நனையல. இந்தத் தங்கச்சிதான் தூக்கிக் காப்பாத்துச்சு."

"படத்தை உடனே கொண்டாங்க. தெருவுக்குக் குடுக்கறதைப் பத்திக் குழுவுல பேசணும். என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது."

"கொண்டுவரேன் மேடம்."

அக்காவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "பரவால்லண்ணே. செவுரு காயட்டும். நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்கு அதைப் பார்க்கறப்பல்லாம் உறுத்தியிருக்கும்" என்றார். குரல் சுவரைப் போலத்தான் இருந்தது, உள்ளே என்னவோ ஓடுகிற சுவரைப் போல. பட்டுத் துணியைப் பிழியாமல் துண்டில் ஒற்றியெடுத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுக் காயவைத்து, மறுபடி மெஷினில் கொடுத்து உட்கார்ந்தார்.

மாமா படத்தைச் சுற்றுவதற்காகக் கம்பளியை விரித்தார். விரித்த கம்பளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"கழுத்தும் ரெண்டு கையும். ஏண்ணே?"

"தைம்மா."

ஈரச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, மெஷினுக்கு நேர் எதிரே போய் நின்று, படத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. கழுத்து முடிந்து ஒரு கை தைத்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார். மாமா தன் மூஞ்சியை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஆடு மட்டும் தெரிகிற மாதிரி படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.