சிவப்பு விளக்கில் சொன்ன கதை

கடற்கரைச் சாலையில் ஒரு சிக்னல் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் லாரிகள் எல்லாம் கடந்து முடிய வேண்டும் என்பதால், அங்கே சிவப்பு மாறுவதற்குள் அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு சட்டையே மாட்டிவிடலாம். மேல்தளம் திறந்த மாடிச் சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடிப்பவருக்கு அது பெரிய சோதனை. வண்டி ஓடும்போது மேல்தளத்துக் கூட்டம் காற்று வாங்கும். நின்றுவிட்டால் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கும்.

அந்தப் பேருந்தில் பேசுகிறவரை ஊரே மைக் அக்கா என்கிறது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். முன்பு ஒரு துணிக்கடை வாசலில் நின்று கூவி ஆள் கூப்பிட்டவர். போகிற காலை நிறுத்தத் தெரியும், நின்ற காலை உள்ளே இழுக்கவும் தெரியும். வண்டி ஓட்டுவது அவருடைய தம்பி. "எங்க அக்கா வாய்க்கு பிரேக் கிடையாது, அதான் வண்டிக்கு நான் ரெண்டு மடங்கு வெச்சிருக்கேன்" என்று புதிதாக ஏறுகிறவர்களிடம் சொல்வார்.

சிக்னலுக்கு இடதுபக்கம் ஒரு நீளமான மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் அது ஆயத்தப் பள்ளி. பெரிய பள்ளிகளில் சேருமுன் சின்னப் பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துத் தயார்செய்வார்கள். பள்ளி மூடி வெகுகாலமாகிவிட்டது. இப்போது கீழே உடற்பயிற்சிக் கூடம், மேலே காப்பீட்டு அலுவலகம். கட்டடத்தைப் பற்றி மைக் அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கூடவே, அங்கே கண்டிப்பான ஒரு வார்டனம்மா இருந்தார் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

ஒரு மதியம் கூட்டம் வெயிலில் நெளிந்தது. வண்டி சிக்னலில் நின்றது. எதிரே மணலில் ஒரு படகு ஷெட் கண்ணில் பட்டது. மைக் அக்கா வாயைத் திறந்தார்.

"அதோ தெரியுது பாருங்க, படகு ஷெட்டு. குறும்பு பண்ற பிள்ளைங்களை இந்த ஸ்கூல் வார்டனம்மா அதுக்குள்ள தள்ளிப் பூட்டிடுவாங்களாம். உள்ள இருந்தபடியே நூறு அலைச் சத்தத்தை எண்ணிச் சொன்னாத்தான் கதவு திறக்கும். நடுவுல தப்பிடுச்சா? மறுபடியும் ஒண்ணுல இருந்து!"

கூட்டம் சிரித்தது. பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு அலைகளை எண்ண ஆரம்பித்தார்கள். யாருக்கும் வெயில் தெரியவில்லை. விளக்கு பச்சையானபோது, "ஐயோ, இன்னும் முடியலையே" என்று ஒரு சிறுமி கத்தினாள். அன்றிலிருந்து அந்தக் கதை அந்தச் சிக்னலுக்கென்றே ஆகிவிட்டது. நாளாக ஆக வார்டனம்மாவுக்கு ஒரு சாவிக்கொத்தும், ஒரு தனிக் குரலும் சேர்ந்தன. "ம்ம்... எத்தனை?" என்று மைக் அக்கா அந்தக் குரலில் கேட்டால் மேல்தளமே அதிரும்.

வருடங்கள் போயின. பழைய கட்டடங்களின் முன்னால் வரலாற்றுப் பலகை வைக்க நகராட்சி முடிவுசெய்தது. ஆயத்தப் பள்ளிக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, "தினமும் அதைப் பத்திப் பேசுறவங்க நம்ம அக்காதானே" என்றார்கள்.

மைக் அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு நாட்களில் பழைய மாணவர்களைத் தேடிப் போனார். கேட்கக் கேட்க அவருக்கு ருசித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிகளில் உப்பு படிந்து வெள்ளையாகிவிடும், அதில் பிள்ளைகள் விரலால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். வகுப்பறையில் மணல் ஒரு துளி இருந்தாலும் கணக்கு வாத்தியார் தும்முவார், அதற்காகவே காலைத் துடைக்காமல் போவோம் என்றார் இன்னொருவர். இத்தனை நாளும் இதையெல்லாம் சொல்லாமல் விட்டோமே என்று தம்பியிடம் குறைபட்டுக்கொண்டார் அக்கா.

பிறகுதான் பல் டாக்டரைப் பார்க்கப் போனார். ஊரில் நல்ல பெயர் எடுத்தவர், பள்ளியின் கடைசி வருடங்களில் படித்தவர். படித்து முடித்து வெளியூர்களில் வேலை பார்த்துவிட்டு, தலை நரைக்கிற வயதில்தான் திரும்பி வந்தார். நோயாளிகள் யாரும் இல்லாத நேரம். பல் பிடுங்கும் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துவிட்டுத் தன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வார்டனம்மாவைப் பத்திச் சொல்லாம எப்படி?" என்றார். "என்னைப் படகு ஷெட்டுல போட்டுப் பூட்டினாங்க அக்கா. நூறு அலை எண்ணணும். நான் எழுபது வரைக்கும் போய்த் தப்பிட்டேன். இப்பவும் அந்த ஈரமரத்து வாடை மூக்குல நிக்குது."

மைக் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய சொந்தச் சரக்கு. துணிக்கடைத் துணிச்சலில், வெயிலில் நெளிந்த ஒரு கூட்டத்துக்காக அவர் அவிழ்த்துவிட்ட கதை.

"டாக்டர்... நீங்க எங்க பஸ்ல வந்திருக்கீங்களா?"

"பேரப்பிள்ளைங்களோட எத்தனையோ தடவை வந்திருக்கேனே! நீங்க அந்த இடத்துல சொன்னதும்தான் எனக்கு எல்லாமே ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் மறந்தே போயிருந்தேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. டாக்டரின் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணைப் பார்த்து, அது பொய் சார் என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அடுத்து இன்னும் இரண்டு பேர் அதே ஷெட்டைச் சொன்னார்கள். ஒருவர் சாவிக்கொத்தையும் சேர்த்துச் சொன்னார். மைக் அக்கா நேராகப் படகு வாடகைக்கு விடுகிறவரிடம் போய் நின்றார். "இந்த ஷெட்டா? ஸ்கூல் மூடி ரொம்ப நாள் கழிச்சு எங்கப்பா கட்டினது. ஏன், விலைக்கு வேணுமா?" என்றார் அவர்.

தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"சரி விடு, இனிமே சொல்லாதே. யாரு செத்துப் போனாங்க இப்ப?" என்றார் தம்பி.

சொல்வதை நிறுத்தினார். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றதும், முன்பே வந்து போன ஒருவர் எழுந்து பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னார். குரல் முதற்கொண்டு அப்படியே. மைக் அக்கா கையில் மைக்கோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

வார்டனம்மா உயிரோடு இருக்கிறார் என்று தெரியவந்தது அந்த வாரம்தான். எண்பதைத் தாண்டியவர். கடலை விட்டுத் தள்ளி, உள்ளே ஒரு தெருவில் அண்ணன் மகளோடு இருந்தார். அண்ணன் மகள் வீட்டு முன்பக்கத்திலேயே ஒரு தையல்கடை வைத்திருப்பவர். வாசலிலேயே மைக் அக்காவை நிறுத்திச் சன்னமான குரலில் பேசினார்.

"பலகைக்குன்னா கேளுங்க. ஆனா அந்த ஷெட்டு விஷயத்தை மட்டும் எடுக்காதீங்க. போன வாரம் பழைய பிள்ளைங்க எல்லாம் ஒரு கூட்டம் போட்டாங்க. அத்தையைக் கூட்டிட்டுப் போனேன். பல் டாக்டர் மேடையில ஏறி அந்தக் கதையைச் சொன்னார். அத்தை முதல்ல சிரிச்சுட்டு, நான் இல்லப்பான்னாங்க. இன்னும் ரெண்டு பேர் எழுந்து ஆமா ஆமான்னு சொன்னதும் முகம் விழுந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. அவர் கட்டிப் பிடிச்சு, மன்னிச்சுட்டேன் மேடம்னார். ஒரே கைதட்டல். வீட்டுக்கு வந்ததுல இருந்து தூக்கம் போச்சு. வேற எந்தப் பிள்ளையைப் பூட்டினேன்னு என்னையே கேக்குறாங்க."

மைக் அக்கா உள்ளே போனார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தைக்க வந்த துணிகளின் குவியல். கட்டிலில் இருந்தவர் உருவத்தில் மிகச் சின்னவர். சாவிக்கொத்தெல்லாம் அந்த இடுப்பில் நிற்காது.

"அம்மா, அது நான் கட்டிவிட்ட கதை" என்று அக்கா உட்காராமலே சொன்னார். "நீங்க யாரையும் பூட்டலை. பஸ்ல கூட்டத்தைச் சிரிக்க வைக்க நான் சொன்னது. ஒரு வார்த்தைகூட நிஜமில்லை."

வார்டனம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பொண்ணும்மா நீ. என்னைத் தேத்துறதுக்குச் சொல்றே. எனக்கே ஞாபகம் இருக்கு. சாவி கையில ஜில்லுன்னு இருந்துச்சு."

எத்தனையோ கூட்டத்தைப் பேசியே நம்பவைத்தவருக்கு அன்று ஒரே ஒருவரை நம்பவைக்க முடியவில்லை. சத்தியம் செய்தார். அழுதார். வார்டனம்மா அவருக்கு ஆறுதல் சொன்னார். வேறு வழி தெரியாமல் மைக் அக்கா பேச்சை மாற்றினார்.

"பிள்ளைங்க கடல்ல குளிச்சுட்டு வந்தா ஈரத்துணி எல்லாம் எங்கம்மா காயப்போடுவீங்க?"

"எதிர்ல மணல்லதான். ரோட்டோரச் சுவர்ல இருந்து தண்ணியோரக் கம்பம் வரைக்கும் கயிறு கட்டியிருப்போம். காத்து அடிச்சா எல்லா டவுசரும் ஆள் நிக்கிற மாதிரி உப்பிக்கும். அத்தனையும் நானேதான் எடுப்பேன்."

"அந்தச் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவுல என்னம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை. வெறும் மணல். என் ரூம்ல இருந்து பார்த்தா நேரா தண்ணிதான்..."

அங்கே நிறுத்தினார். ஷெட் நிற்பது அந்தச் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான். வார்டனம்மா மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார். தையல் மெஷினும் நின்றுவிட்டது.

"அப்போ நான் பூட்டலை."

"இல்லம்மா."

"நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அத்தனை பேர் பார்க்க. ராத்திரி பயந்து அழுதா என் கட்டிலுக்குத்தான் ஓடி வருவான் அவன். அவன் என்னை மன்னிச்சான்." குரல் ஏறிக்கொண்டே போனது. "போ. போய் அவன் குடுத்த மன்னிப்பை அவன்கிட்டயே திருப்பிக் குடு. எனக்கு அது வேண்டாம்."

இந்த முறை டாக்டரின் நாற்காலியில் மைக் அக்கா உட்காரவில்லை. நின்றபடி சொல்லி முடித்தார். டாக்டர் முதலில் சிரித்தார். "எனக்கு நடந்ததை எனக்கே இல்லைங்கிறீங்களா?" படகுக்காரர் சொன்னதையும், கயிறு கட்டிய இடத்தையும் சொன்னதும் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நான் அழுதேனே அக்கா மேடையில. சும்மாவா அழுதேன்?"

"எனக்குத் தெரியலை டாக்டர். கதை நான் விட்டது. மீதி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நீங்க போங்க" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அந்தச் சிக்னலில் மைக் அக்கா ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். வார்டனைப் பற்றி நான் சொன்னது பொய் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிலர் அதையும் வேடிக்கை என்று நினைத்து, அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். நகராட்சிப் பலகைக்கு உப்பு ஜன்னலையும் தும்மும் வாத்தியாரையும் எழுதிக் கொடுத்தார். வார்டனம்மாவைப் பற்றி, பிள்ளைகளின் துணியெல்லாம் அவரே காயவைத்து எடுப்பார் என்று ஒரே வரி.

டாக்டர் வார்டனம்மாவைப் பார்க்க வருவார் என்று மைக் அக்கா எதிர்பார்க்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவரே கூப்பிட்டு, "வீடு தெரியாது, வந்து காட்டுங்க" என்றார். தையல்கடை வாசலில் அண்ணன் மகள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"டாக்டரை வரச் சொன்னாங்க." பிறகு சங்கடத்துடன், "நீங்க வெளியவே இருக்கணுமாம்" என்றார்.

மைக் அக்கா வாசலில் நின்றார். அண்ணன் மகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார மனம் வரவில்லை. உள்ளேயிருந்து முதலில் கிழவியின் குரல், திட்டுகிற மாதிரி. டாக்டர் ஏதோ முனகினார். வெகு நேரம் கழித்து இருவரும் சிரிப்பது கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. காதைக் கதவோரம் கொண்டுபோகப் பார்த்து, வெட்கப்பட்டுத் தெருப்பக்கம் நகர்ந்துகொண்டார்.

டாக்டர் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க அக்கா. சொன்னா பஸ்ல சொல்லிடுவீங்களாம்."