செவ்வாய்க்கிழமை மாத்திரை

கண் விழித்தபோது கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனை நடைபாதைத் தரையில் கிடந்தேன். தலைக்கு அடியில் யாருடைய துப்பட்டாவோ இருந்தது. வலது கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து. சுற்றி நின்றவர்கள் என்னோடு நர்சிங் நான்காம் ஆண்டு படிப்பவர்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஸ்கூட்டி சாவி முதல் அலமாரி சாவி வரை எல்லாவற்றையும் திணித்திருந்தார்கள்.

பிளஸ் டூ படிக்கும்போதே எனக்கு இந்த நோய் வந்துவிட்டது. காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. அதில் நோய் அடங்கியிருந்தது. கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. "வெளிய சொல்லிக்கினு இருக்காத, நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்?" என்று அம்மா சொல்லியிருந்தார். கடைசி ஒரு வருடமாகத்தான் மறுபடி வரத் தொடங்கியது. முதல் நான்கு முறையும் வீட்டிலோ விடுதியிலோ யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் போனது. ஐந்தாவது, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வார்டுக்குப் போகும் வழியில், பத்துப் பேர் பார்க்க வந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் வலிப்பு இருந்தால், பத்துப் பேர் பார்க்க விழுவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வலியைவிட வெட்கம்தான் அதிக நாள் இருக்கும்.

கல்லூரியில் கருணையாகத்தான் பேசினார்கள். பேசிய விஷயத்தில் கருணை இல்லை. இன்னொரு முறை பணியில் விழுந்தால் வார்டுக்கு அனுப்ப முடியாது. நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். வார்டு நேரம் முடிக்காமல் பட்டம் கிடையாது.

டாக்டர் இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் பரிசோதனை) எடுத்துப் பார்த்தார். "மாத்திரையை விடறியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஒரு நாள்கூட விட்டதில்ல."

மனசாட்சிப்படிதான் சொன்னேன். அடுத்த முறை வந்தால் இரண்டாவது மருந்து சேர்க்க வேண்டும், தூக்கம் ஜாஸ்தியாக வரும் என்றார். கடிதம் பற்றிக் கேட்டதற்கு, "மூணு மாசம் பாக்கலாம்" என்றார்.

அதே மாதம்தான் எங்களுக்கு ஆராய்ச்சித் திட்டம் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு, 'கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சையும் மக்களின் மனப்பான்மையும்'. வழிகாட்டியான கலைவாணி மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா இருக்கு. நீ ரிட்டயர் ஆவறதுக்குள்ள முடிச்சிடுவியா?"

மாவட்டம் போய் ஒரு ஊர் ஆயிற்று. நோய்கள் போய் ஒரு நோய் ஆயிற்று. எந்த நோய் என்று மேடம் கேட்டபோது, வாய்க்குள் வந்த பெயரை விழுங்கிவிட்டு இரத்த அழுத்தம் என்றேன். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில், இரத்த அழுத்த மாத்திரையை மக்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்பது மட்டும் மிஞ்சியது. அதற்கு இருபது கேள்விகள் தயாரித்தேன். ஐந்து பேரிடம் முன்னோட்டம் (கேள்விகள் சரிதானா என்று சிலரிடம் கேட்டுப் பார்ப்பது) பார்த்து வரச் சொன்னார் மேடம். வெறும் பதிலை நம்பாமல், வீட்டில் மீதியிருக்கும் மாத்திரைகளையும் எண்ணி வரச் சொன்னார்.

'மாத்திரை போடத் தவறுவதுண்டா?' என்பது ஏழாவது கேள்வி. ஐந்து பேரும் கண் இமைக்காமல் இல்லை என்றார்கள். ஐந்து வீட்டிலும் தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகள் தீராமல் கிடந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. உடம்பு சரியில்லாமல் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி வந்தவளிடமே இப்படிச் சொல்கிறார்களே என்று, தாளின் ஓரத்தில் 'பொய்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மேடம் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். "இது கண்டுபிடிப்பு இல்ல, கோவம். மறுபடி போ. தவறுனீங்களான்னு கேக்காத. நேத்து காலையில எழுந்ததுல இருந்து இன்னா பண்ணீங்கன்னு கேளு. அவங்க பேசட்டும், நீ எழுது."

மறுபடி போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஐந்து பேரில் ஒருவரான பொன்னம்மா அக்கா வீட்டுக்கு முதலில் போனேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாமை பயிரிட்ட கொல்லையில் களையெடுப்புக்கு அன்று லீவு விட்டிருந்தார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டதுமே விறுவிறுவென்று சொன்னார். விடிந்ததும் வெறும் வயிற்றோடு கொல்லைக்குப் போனார். கூழைத் தூக்குவாளியில் கொண்டு போய், வெயில் ஏறிய பிறகு அங்கேயே குடித்தார். மாத்திரை வீட்டில் டப்பாவில் இருந்தது.

"சாப்ட்டது கொல்லையில, மாத்திர வூட்டுல. இன்னா பண்றது சொல்லு?" என்று சிரித்தார். வேகமாக எழுதிக்கொண்டேன். இருபது கேள்வியில் கிடைக்காதது ஒரே கேள்வியில் கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

"கூழு குடிக்கிறியா நர்சம்மா? மூஞ்சியே வாடிக் கெடக்குது."

"வேணாங்கக்கா. செவ்வாக்கெழம. ஒருசந்தி இருக்கறேன்." ஒருசந்தி என்பது எங்கள் பக்கம் விரதத்துக்குச் சொல்வது.

"அப்பிடியா? நானும் கிருத்திகைக்கு இருப்பேன். அன்னிக்கி மாத்திரைக்கும் சேத்து ஒருசந்திதான்."

"ஏங்கக்கா?"

"சாப்ட்டுட்டு போடுன்னுதான குட்த்தாங்க? சாப்புடாத எப்பிடிப் போடறது? வவுறு எரியாது?"

என் பேனா நின்றுவிட்டது. அன்று காலை நான் போட்டிருக்க வேண்டிய மாத்திரை என் பையில்தான் இருந்தது. நானும் போடவில்லை. சாப்பிடாத நாளில் மாத்திரை எப்படி என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. நான்கு வருடம் மருந்துகளைப் பற்றிப் படித்த நான்.

அந்த விரதம் அம்மாவின் வேண்டுதல். நோய் ஒருமுறை திரும்பி வந்ததும், செவ்வாய்தோறும் மகள் ஒருசந்தி இருப்பாள் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார். முதலில் பகலில் மட்டும் பட்டினி. அடுத்த முறை வலிப்பு வந்ததும், செய்தது போதவில்லை என்று இரவுச் சோற்றையும் நிறுத்தி, பாலும் பழமும் என்று ஆக்கினார். ஆக, இரவு மாத்திரையும் போயிற்று. நோய் இன்னும் அடிக்கடி வந்தது.

வலிப்பு வந்த தேதிகளை போனில் குறித்து வைத்திருந்தேன். எடுத்துக் கிழமை பார்த்தேன். ஐந்தில் நான்கு, ஒருசந்திக்கு மறுநாளான புதன்கிழமை. விரதத்துக்கு முன் வந்த முதலாவது மட்டும் ஞாயிறு, அது ஏன் என்று இன்றுவரை தெரியாது.

"அக்கா, அந்தக் கூழக் குடுங்க."

"ஒருசந்தின்னியே! சாமி குத்தம் ஆயிடப் போவுது."

"பரவால்ல, குடுங்க." குடித்தேன். அவர் பார்த்திருக்க மாத்திரையை விழுங்கினேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வெளியாள் பொன்னம்மா அக்காதான். அவர் 'ஐயோ' என்றெல்லாம் சொல்லவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்.

ஊருக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு மனதின் ஓர் ஓரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது மருந்து வேண்டாம். கடிதம் கிடைக்கும். நான் நர்ஸ் ஆவேன். கோமுகி அணை கண்ணில் பட்டதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. எங்கள் ஊரான கச்சிராயபாளையத்தில் இறங்கி அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். தட்டில் இரண்டு வாழைப்பழம் தயாராக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூழ் குடித்ததையும் சொன்னேன். கேள்விகளை வாரக்கணக்கில் அடித்துத் திருத்தியவள், இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்யவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தார். "அப்ப, நான் இருக்க வச்ச ஒருசந்திதான் உன்ன இழுத்து இழுத்து வுட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் மீது போட்டிருக்கலாம். "ஆமாம்மா" என்றேன். "யாரும் கேக்கல. நானும் சொல்லல."

அம்மா அழவில்லை. அரிசி களைந்து உலை வைத்தார். சோறு ஆகும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "துன்னு. துன்னுட்டு மாத்திரயப் போடு" என்றார். அதன் பிறகு அவர் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. சாமி மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

டாக்டர் முதலில் திட்டினார். நர்சிங் படிக்கிற பெண் இப்படிச் செய்யலாமா என்றார். பிறகு, "பாலும் பழமும் சாப்பாடு இல்லன்னு யாரும்மா சொன்னது? அதைச் சாப்பிட்டுட்டே போட்டிருக்கலாமே" என்றார். கடைசியாக, "நானும் கேட்டிருக்கணும்" என்றார். உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: விரதமோ, பயணமோ, வேலையோ, சாப்பிடாத நாளில் மருந்தை எப்படிப் போடுவது என்று நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். யாரும் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் ஏழாவது கேள்வி, 'சாப்பிடாத நாளில் மாத்திரையை என்ன செய்வீர்கள்?' என்று மாறிவிட்டது. ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில், ஆய்வு செய்தவரே ஒரு நாட்பட்ட நோயாளி என்று ஒரு வரி சேர்த்தேன். மேடம் அதை மட்டும் திருத்தவில்லை.

ஒன்பது மாதமாக வலிப்பு இல்லை. கடிதம் வந்தது, வார்டுக்குப் போகிறேன். ஆனால் என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை இப்போது அடுத்தவர் வீட்டுக் கைக்குழந்தையைப் போலத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். வாரமும் மற்றவர்களுக்குப் போலத் திங்களில் தொடங்குவதில்லை. தூக்கத்தில் வலிப்பு வந்திருந்தால் நாக்கு கடிபட்டிருக்கும். அதனால் புதன்கிழமை காலையில் விடுதியில் கண் விழித்ததும் விரலால் நாக்கின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். காயம் இல்லை. உடனே அம்மாவுக்கு போன் செய்கிறேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார். நான் பேசும்வரை அவர் மூச்சுகூட விடுவதில்லை.